தையல் மெஷினுக்கு ஸ்பைக் பஸ்டரா, ஸ்டெபிலைசரா, கட்-ஆஃப் ரிலேயா?

மெஷின் போர்டு ஒருமுறை எரிந்துபோனால் அடுத்த நாளே கடைக்குப் போய் ஒரு ஸ்பைக் பஸ்டர் வாங்கி மாட்டுவது நம் ஊரில் வழக்கம். கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய முடிந்தவர்கள் ஸ்டெபிலைசர் வாங்குவார்கள். ஆறு மாதம் கழித்து மழைக்கால இரவொன்றில் மறுபடியும் போர்டு போகும். வாங்கிய பொருளின் தரத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: ஒயரில் வந்தது என்ன, நாம் மாட்டியது எதைத் தடுக்கும்?

"ஹை வோல்டேஜ்" என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் முற்றிலும் வேறான இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, இடி மின்னலாலோ பெரிய மோட்டார் நிற்பதாலோ டிரான்ஸ்பார்மரில் சுவிட்ச் போடுவதாலோ வரும் துள்ளல். ஆயிரக்கணக்கான வோல்ட் வரை எழும். ஆனால் ஒரு விநாடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் சில பத்துப் பங்கு நேரத்துக்குள் அடங்கிவிடும். இன்னொன்று, மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் அறுந்தோ தளர்ந்தோ போவதால் வருவது. 300, 350 வோல்ட் என்று வரும். ஆளே வந்து மெயினை இறக்கும்வரை நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில் நிற்கும். முதலாவதைத் தடுக்கும் கருவி இரண்டாவதன் முன்னால் நிற்க முடியாது. இரண்டாவதைத் தடுக்கும் கருவி முதலாவதைக் கண்ணால் பார்ப்பதற்குள் அது கடந்து போயிருக்கும்.

நியூட்ரல் போனால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகப் பார்த்தால் நன்றாகப் புரியும். தெருவில் வரும் மூன்று ஃபேஸில் ஒவ்வொன்றுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவே 400 வோல்ட். உங்கள் வீடு ஒரு ஃபேஸில், எதிர்வீடு இன்னொரு ஃபேஸில் இருக்கிறது. கம்பத்தில் பொது நியூட்ரல் விட்டுப்போகிறது. இரண்டு வீடும் அந்த 400 வோல்ட்டுக்குக் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்ததுபோல் ஆகிவிடும். எதிர்வீட்டில் 1000 வாட் அயர்ன் பாக்ஸ் ஓடுகிறது, அதாவது கரண்டுக்கு அது தரும் தடை சுமார் 53 ஓம். உங்கள் வீட்டில் மொத்தமே 100 வாட் சாமான்தான் ஓடுகிறது, சுமார் 529 ஓம். வோல்டேஜ் ஓம் கணக்குப்படி பிரியும்: அவர்களுக்கு 36 வோல்ட், உங்களுக்கு 364 வோல்ட். மின்சாரம் குறைவாக எடுக்கிற வீட்டுக்குத்தான் அதிக வோல்டேஜ் போகும். ராத்திரியில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, டிவி, ரூட்டர், சுவிட்சை அணைக்காமல் விட்ட தையல் மெஷின் மட்டும் மின்சாரத்தில் இருக்கும் வீட்டில் அவை எரிந்துபோவது இதனால்தான்.

மெஷினுக்குள் எரிவது எது? ஜாக், ஜூக்கி போன்ற டைரக்ட் டிரைவ் பவர் மெஷின்களின் கண்ட்ரோல் பாக்ஸும், கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினின் பவர் சப்ளையும், டிவியின் போர்டும் உள்ளே நுழைந்தவுடன் ஏ.சி.யை டி.சி.யாக்கி ஒரு பெரிய கெப்பாசிட்டரில் நிரப்பிக்கொள்ளும். 230 வோல்ட் வந்தால் அந்த கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டி.சி. நிற்கும். 270 வந்தால் 382. கெப்பாசிட்டர் பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட்டுக்கானது. 364 வந்தால் 515 வோல்ட் ஆகிறது. கெப்பாசிட்டர் தலை உப்பி வெடிக்கும், பக்கத்தில் இருக்கும் ஸ்விட்சிங் டிரான்சிஸ்டரையும் சேர்த்துக்கொண்டு போகும். மெஷின் ஓட வேண்டும் என்பதில்லை. பிளக் செருகி சுவிட்ச் போட்டிருந்தாலே போதும்.

வாங்கும் முன் ஒரு வாரம் அளந்து பாருங்கள்

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும். ஏ.சி. 750 அல்லது 600 வோல்ட் ரேஞ்சில் வைத்து, மெஷின் இருக்கும் சாக்கெட்டில் காலை 6 மணி, பிற்பகல் 2 மணி, மாலை 7 மணி, இரவு 11 மணி என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். 207 முதல் 253 வரை இருந்தால் மெஷினுக்குக் கவலை இல்லை. மாலையில் 180க்குக் கீழே இறங்கினால் லோ வோல்டேஜ் உண்மையாகவே இருக்கிறது. இரவு 11 மணிக்கு 255, 260 என்று நின்றால் டிரான்ஸ்பார்மருக்கு அருகில் இருக்கிறீர்கள், அல்லது அதன் டேப் (வோல்டேஜைக் கூட்டவும் குறைக்கவும் காயிலிலிருந்து எடுத்திருக்கும் முனை) சரியாக இல்லை.

அடுத்து, அதே சாக்கெட்டில் அயர்ன் பாக்ஸைப் போட்டபடி அளந்து பாருங்கள். 4, 5 வோல்ட் இறங்கினால் சாதாரணம். 15, 20 இறங்கினால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. அயர்னைப் போட்டதும் வேறொரு அறையில் லைட் பிரகாசமானால் (மங்கினால் அல்ல, பிரகாசமானால்) மூன்று ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் விட்டுக்கொண்டிருக்கிறது. அன்றைக்கே ஆளை வரவழையுங்கள். எல்.இ.டி. பல்புகள் அடிக்கடி உயிர்விடுவதும் ஒரு முன்னறிவிப்பு. விலை மலிவான பொருள்தானே என்று மாற்றிக்கொண்டே இருக்காமல் இரவு வோல்டேஜை அளந்துவிடுங்கள்.

சிங்கிள் ஃபேஸ் வீட்டில் உங்கள் சர்வீஸ் ஒயரின் நியூட்ரல் மட்டும் அறுந்தால் எதுவும் எரியாது. கரண்ட் இல்லாததுபோல் இருக்கும், ஆனால் டெஸ்டர் வைத்தால் சாக்கெட்டின் இரண்டு துளையிலும் எரியும். கம்பத்தில் பொது நியூட்ரல் போனால்தான் ஆபத்து. அதை நாம் தடுக்க முடியாது. வந்தவுடன் துண்டித்துக்கொள்ள மட்டுமே முடியும்.

ஸ்பைக் பஸ்டர்

உள்ளே இருக்கும் முக்கியப் பொருள் எம்.ஓ.வி. என்ற காசு வடிவ வில்லை. துத்தநாக ஆக்சைடு. ஓர் அளவு வரை கரண்டை விடாது. அதைத் தாண்டினால் தானே வழிவிட்டு, துள்ளி வரும் மின்சாரத்தைப் பக்கவாட்டில் இழுத்துக்கொள்ளும். 230 வோல்ட் பொருள்களில் அதிகம் பயன்படும் 14டி471கே, 20டி471கே இரண்டும் 300 வோல்ட் ஏ.சி. வரை தாங்கும் வில்லைகள். முன்னால் இருக்கும் 14, 20 என்பது குறுக்களவு, மில்லிமீட்டரில். பெரிய வில்லை அதிகம் தாங்கும்.

மின்னல் துள்ளலுக்கு இது நல்ல வேலைக்காரன். சிக்கல் நீடித்த ஹை வோல்டேஜில்தான். 20 மி.மீ. வில்லை நூறு ஜூலுக்கும் மேற்பட்ட ஆற்றலை ஒரே அடியில் விழுங்கும். ஆனால் தொடர்ந்து தாங்கக்கூடிய வெப்பம் சுமார் 1 வாட்தான். 364 வோல்ட் வந்தால் விநாடிக்கு நூறு முறை, ஒவ்வொரு அரைச் சுற்றிலும் அது வழிவிடத் தொடங்கும். சில நொடிகளில் சூடேறிக் கருகி ஷார்ட் ஆகும். முன்னால் ஃப்யூஸ் இருந்தால் ஃப்யூஸ் போய், பொருள் தப்பலாம். வில்லையோடு ஒட்டி தெர்மல் ஃப்யூஸ் இல்லாத மலிவுப் பெட்டியில் பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கவும் செய்யும். துணிக்கு நடுவே, பஞ்சுத் தூசி படிந்த இடத்தில் வைக்கிற பெட்டி இது என்பதை மறக்கக் கூடாது.

இன்னொரு வேதனையான விஷயம்: "ஸ்பைக்" என்று அச்சடித்து விற்கும் பல பெட்டிகளுக்குள் வில்லையே இருக்காது. ஒரு சிவப்பு லைட், ஒரு சுவிட்ச், ஒரு ஃப்யூஸ், அவ்வளவுதான். வாங்கும்போது ஜூல் அளவு, ஐ.எஸ்.ஐ. முத்திரை, பாதுகாப்பு இருக்கிறதா என்று தனியாகக் காட்டும் லைட் மூன்றையும் பாருங்கள். ஜூல் அளவே போடாத பெட்டியை வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று நினைத்துக்கொண்டு அந்த விலைக்கு மட்டும் வாங்குங்கள். வில்லை ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும் என்பதால், பாதுகாப்பு லைட் அணைந்தால் பெட்டியை மாற்ற வேண்டும். சாக்கெட் வேலை செய்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. தையல் இடத்தில் அயர்ன் பாக்ஸையும் மெஷினையும் ஒரே 6 ஆம்பியர் பெட்டியில் செருகுவதும் வேண்டாம். அயர்ன் மட்டுமே 4 ஆம்பியருக்கு மேல் எடுத்துக்கொள்ளும், பிளக்கின் தளர்ந்த முனை சூடாகி சாக்கெட் இளகும்.

வோல்டேஜ் கட்-ஆஃப் ரிலே

தமிழ்நாட்டு வீட்டுக்கும் தையல் கடைக்கும் முதலில் போட வேண்டியது இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. மின்சாரம் அறைகளுக்குப் பிரியும் டி.பி. பாக்ஸில், அதிக கரண்ட் போனால் தானே விழும் எம்.சி.பி. சுவிட்சுக்குப் பக்கத்தில் அதே பட்டையில் பொருந்தும் சின்னப் பெட்டி. முகப்பில் வோல்டேஜைக் காட்டிக்கொண்டே இருக்கும்; நாம் வைத்த எல்லையைத் தாண்டினால் துண்டிக்கும், சரியானதும் தானே சேர்க்கும். எர்த் சரியில்லாத வீட்டிலும் வேலை செய்யும். எர்த்தை நம்பி இருக்கும் கருவிகளிடம் இல்லாத பெரிய வசதி இது.

வாங்கும்போது மூன்று விஷயம். 40 அல்லது 63 ஆம்பியர் என்பதில் உங்கள் மெயின் எம்.சி.பி.க்குக் குறையாததை எடுங்கள். கருவி தானே 400 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருக்க வேண்டும். 300க்கு மேல் தாங்காத ரிலே நியூட்ரல் போன அன்றைக்கு முதல் பலியாகும். எல்லைகளை நாமே மாற்றி வைக்கும் வசதி இருக்க வேண்டும்.

வைக்க வேண்டிய அளவுகள்: மேல் எல்லை 260 அல்லது 265. இரவில் 255 வருகிற ஊரில் 255 என்று வைத்தால் தினமும் துண்டித்துக்கொண்டே இருக்கும், ஒருநாள் எரிச்சலில் யாராவது ரிலேயையே கழற்றி விடுவார்கள். கீழ் எல்லை 170 அல்லது 180. மறுபடி சேர்க்கும் தாமதம் ஃபிரிட்ஜ், ஏ.சி. இருந்தால் 180 விநாடி. கம்ப்ரஸரில் அழுத்தம் இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். தையல் கடை மட்டும் என்றால் 30 முதல் 60 விநாடி போதும். கரண்ட் வந்த முதல் சில நொடிகளில் வரும் ஏற்ற இறக்கத்தை இந்தத் தாமதமே வடிகட்டிவிடும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ரிலே உணர்ந்து துண்டிக்க விநாடியில் ஒரு பகுதி ஆகும். அதற்குள் மின்னல் துள்ளல் ஆயிரம் முறை வந்து போயிருக்கும். அதற்கு இது உதவாது. லோ வோல்டேஜைச் சரிசெய்யாது, துண்டிக்க மட்டும் செய்யும். மாட்டுகிறவர் திருகை இறுக்காமல் விட்டால் முனை பழுப்பேறிக் கருகும். மாட்டி ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்துவிட்டு ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள்.

வாடகை வீட்டில் டி.பி. பாக்ஸைத் தொட முடியாதென்றால் சாக்கெட்டில் செருகும் வகையும் கிடைக்கிறது. ஃபிரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் விற்பது, மெஷினுக்கும் அதுவே போதும்.

மூன்று ஃபேஸ் இணைப்பு இருக்கும் வீடுகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போர்வெல் மோட்டாருக்கு மாட்டியிருக்கும் ப்ரிவென்டர் வீட்டுச் சாமான்களைக் காக்காது. அது மோட்டாருக்கு மூன்று ஃபேஸும் வருகிறதா என்று பார்ப்பதற்கானது. வீட்டுக்கு, ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவிலான வோல்டேஜைப் பார்க்கும் நான்கு ஒயர் ரிலே ஒன்றோ, ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று சிங்கிள் ஃபேஸ் ரிலேயோ வேண்டும். கூடவே, பழைய மெயின் போர்டில் நியூட்ரலிலும் ஃப்யூஸ் கேரியர் இருக்கிறதா பாருங்கள். மூன்று ஃபேஸ் வீட்டில் நியூட்ரலில் ஃப்யூஸ் இருப்பது வீட்டுக்குள்ளேயே வைத்த வெடி. அது போனால் இ.பி. கம்பத்தில் ஒரு குறையும் இல்லாமலே அறைகளுக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் வரும். அந்த இடத்தில் கெட்டியான நியூட்ரல் லிங்க் இருக்க வேண்டும். ஜெனரேட்டருக்கான சேஞ்ச் ஓவர் சுவிட்சில் நியூட்ரல் முனை தேய்ந்திருந்தாலும் இதே கதைதான்.

எஸ்.பி.டி.யும் எர்த்தும்

மின்னல் துள்ளலுக்கு முழு வீட்டையும் காக்கும் கருவி எஸ்.பி.டி. ஸ்பைக் பஸ்டரில் இருக்கும் அதே வகை வில்லைதான், பெரிய அளவில், டி.பி. பாக்ஸில் வீட்டின் வாசலிலேயே நிற்கும். வீட்டுக்கு டைப் 2 போதும். கூரையில் இடிதாங்கி இருக்கும் கட்டடத்துக்கு மட்டும் டைப் 1 கலந்தது வேண்டும்.

சிங்கிள் ஃபேஸுக்கு, ஃபேஸ்-நியூட்ரல் நடுவே எம்.ஓ.வி.யும் நியூட்ரல்-எர்த் நடுவே வாயுக் குழலும் உள்ள "1+1" வகை. இயல்பு நிலையில் தாங்கும் வோல்டேஜ் 275, 320 என்று இரண்டு வகை வரும். இரவில் வோல்டேஜ் ஏறும் நம் சப்ளைக்கு 320 நல்லது. 275 போட்டால் எல்லைக்கு அருகிலேயே வாழ்ந்து சீக்கிரம் களைத்துப்போகும். கட்டுப்படுத்தி விடும் அளவு 1.5 கிலோ வோல்ட் அல்லது அதற்குக் கீழ் இருக்கட்டும். சாதாரண வீட்டுச் சாமான்கள் 2.5 கிலோ வோல்ட் துள்ளல் வரை தாங்க வேண்டும் என்பது சர்வதேச வகைப்பாடு. நடுவே இருக்கும் இடைவெளிதான் நம் பாதுகாப்பு.

அந்த இடைவெளியைத் தின்றுவிடுவது ஒயரின் நீளம். மின்னல் கரண்ட் அவ்வளவு வேகமாக ஏறுவதால் ஒரு மீட்டர் ஒயரிலேயே ஏறக்குறைய 1000 வோல்ட் நிற்கும், 10 கிலோ ஆம்பியர் பாயும்போது. எஸ்.பி.டி.க்கு ஃபேஸிலிருந்து வரும் ஒயர், அதிலிருந்து எர்த் பட்டைக்குப் போகும் ஒயர் இரண்டும் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். எர்த் ஒயர் 6 சதுர மி.மீ. செம்பு. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று ஒயரைச் சுருட்டி வளைத்து விடும் எலக்ட்ரீஷியனிடம் கண்டிப்பாகச் சொல்லி நேராக, குட்டையாக விடச் செய்யுங்கள். ஆர்.சி.சி.பி.க்கு (கரண்ட் கசிந்தால் துண்டித்து ஷாக்கிலிருந்து காக்கும் சுவிட்ச்) முன்னால் மாட்ட வேண்டும். பின்னால் மாட்டினால் ஒவ்வோர் இடிக்கும் வீடு இருண்டுபோகும். முன்னால் போட வேண்டிய எம்.சி.பி. அல்லது ஃப்யூஸ் அளவு அந்தக் கம்பெனித் தாளில் இருக்கும், அதை மாற்றாதீர்கள்.

வரிசை: மெயின் சுவிட்ச், எஸ்.பி.டி., அடுத்து கட்-ஆஃப் ரிலே, அடுத்து ஆர்.சி.சி.பி. ரிலேயையும் எஸ்.பி.டி. காக்கும். இதில் ஓர் இழப்பு உண்டு: நியூட்ரல் போய் 360 வோல்ட் நிற்கும்போது ரிலே பின்னால் உள்ளதைத் துண்டித்துவிடும், எஸ்.பி.டி. மட்டும் முன்னால் நின்று அடி வாங்கும். உள்ளே இருக்கும் தெர்மல் துண்டிப்பான் அதைக் கழற்றிவிடும். பச்சை ஜன்னல் சிவப்பாகும். கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றலாம். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் அந்த ஜன்னலைப் பாருங்கள்.

எர்த் இல்லாமல் எஸ்.பி.டி. அரைகுறை. நம் வீடுகளில் மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக இருப்பது சகஜம். அளப்பதிலும் ஏமாற வழியிருக்கிறது: மோசமான எர்த்திலும் மல்டிமீட்டர் ஃபேஸ்-எர்த் நடுவே 230 காட்டிவிடும், ஏனென்றால் மீட்டர் கரண்டே எடுப்பதில்லை. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனும் எர்த்தைச் சோதிப்பதில்லை. உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் வழியாகத் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. எர்த் டெஸ்டர் வைத்திருப்பவரை அழைத்து அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குக் கீழே வந்தால் நிம்மதி. பைப் எர்த்தில் உப்பும் கரியும் போட்டிருந்தால், அதே உப்பு பைப்பின் கிளாம்பை அரிக்கும். வருஷத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள், கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள்.

எர்த் இல்லை என்பதற்காக சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடும் பழக்கம் இருக்கிறது. இதைப் பார்த்தால் உடனே அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். அந்த நியூட்ரல் விட்டுப்போனால் மெஷினின் இரும்பு உடம்பு முழுக்க ஃபேஸ் வரும். தைக்கிறவர் இரண்டு கையையும் அதன்மேல்தான் வைத்திருப்பார்.

ஸ்டெபிலைசர்

லோ வோல்டேஜ் உண்மையாக இருந்தால் மட்டும் வாங்க வேண்டிய பொருள். இது எந்த மெஷினுக்குத் தேவை என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. பவர் சப்ளை தகட்டில் "100–240 வோல்ட்" என்று இருந்தால் 160க்கும் அது அசராது, ஸ்டெபிலைசர் வீண். மிதி மெஷினில் மாட்டும் சின்ன மோட்டார் 170 வோல்ட்டில் மெதுவாக ஓடும், கெடாது. உண்மையில் அவதிப்படுவது கிளட்ச் மோட்டார். இண்டக்ஷன் மோட்டார் என்பதால் வோல்டேஜ் குறையும்போது அதிக கரண்ட் இழுக்கும், உறுமிக்கொண்டே சுற்றாமல் நிற்கும், காயில் சூடேறும். 400 வாட் கிளட்ச் மோட்டாருக்கு 2 கே.வி.ஏ.க்குக் குறையாமல் எடுங்கள். கிளம்பும்போது ஓடும் கரண்டைப்போல் பல மடங்கு இழுக்கும். டைரக்ட் டிரைவ் மெஷின் லோ வோல்டேஜில் எரர் காட்டி நின்றுவிடும். அப்படி அடிக்கடி நின்றால் ஒரு மெஷினுக்கு 1 கே.வி.ஏ.

ரிலே வகை ஸ்டெபிலைசர் படிப்படியாக டேப் மாற்றுவது. நிமிடத்துக்குப் பத்து முறை வோல்டேஜ் ஆடும் இடத்தில் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும்; ஒவ்வோர் அடியும் மெஷின் போர்டுக்கு ஒரு சின்னத் துள்ளல். ஹை கட்-ஆஃப் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சில மலிவு மாடல்களில் இருக்காது, 300 வந்தால் குறைத்துக் குறைத்துப் பார்த்துவிட்டு மீதியை அப்படியே உள்ளே அனுப்பும். உள்ளே இருப்பது ஆட்டோ டிரான்ஸ்பார்மர், வரும் பக்கத்துக்கும் போகும் பக்கத்துக்கும் ஒரே காயில்; மின்னல் துள்ளலுக்குத் திறந்த கதவு. முழு வீட்டுக்கும் பெரிய ஸ்டெபிலைசர் போடும் செலவில் ரிலேயும் எஸ்.பி.டி.யும் போட்டு எர்த்தையும் புதிதாக எடுத்துவிடலாம்.

இன்வெர்ட்டர், யு.பி.எஸ்.

"எங்க வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கு" என்பது பாதுகாப்பல்ல. கரண்ட் இருக்கும்போது இன்வெர்ட்டர் இ.பி. மின்சாரத்தை அப்படியே உள்ளே கடத்துகிறது. ஆனால் காசு செலவில்லாத ஒரு வசதி அதில் இருக்கிறது. பின்பக்கம் யு.பி.எஸ். மோடு, நார்மல் மோடு என்று சுவிட்ச் இருக்கும். நார்மலில் 290 வோல்ட் வரை கூட உள்ளே விடும். யு.பி.எஸ். மோடில் சுமார் 180 முதல் 260 வரைதான் விடும். தாண்டினால் பேட்டரிக்கு மாறிவிடும். தையல் மெஷின் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் யு.பி.எஸ். மோடில் வையுங்கள். அடிக்கடி பேட்டரிக்குத் தாவினால் உங்கள் சப்ளை மோசம் என்று அர்த்தம். பழைய ஸ்குவேர் வேவ் இன்வெர்ட்டரில் பெடல் கண்ட்ரோல் மோட்டார் உறுமும், வேகம் கைக்கு அடங்காது. சைன் வேவ் என்றால் பிரச்சினை இல்லை.

யு.பி.எஸ். தேவைப்படுவது எம்பிராய்டரி மெஷினுக்கு. 30 நிமிட டிசைனில் 22ஆவது நிமிடம் கரண்ட் போனால் துணி, நூல், நேரம் மூன்றும் போகும். விட்ட இடத்திலிருந்து தொடங்கும் மெஷினிலும் ஃபிரேம் ஒரு நூலளவு நகர்ந்தால் கோடு தெரியும். ஒற்றை ஊசி வீட்டு மெஷினுக்கு 600 வி.ஏ. லைன் இண்டராக்டிவ் (கரண்ட் இருக்கும்வரை இ.பி. மின்சாரத்தை விட்டு, போனால் பேட்டரிக்கு மாறும் வகை) போதும். பல ஊசி மெஷினுக்கு ஆன்லைன் யு.பி.எஸ்.; அதில் இ.பி. மின்சாரம் நேராக மெஷினுக்குப் போவதே இல்லை. விலை அதிகம், ஓயாமல் ஃபேன் ஓடும், பேட்டரியை இரண்டு மூன்று வருஷத்தில் மாற்ற வேண்டியிருக்கும். யு.பி.எஸ்.ஸின் பேட்டரி சாக்கெட்டில் அயர்ன் பாக்ஸைச் செருகக் கூடாது என்பதைக் கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டும் கட்டாயம் வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்காக. முன்னது அதிக கரண்டுக்கு, பின்னது மனித உயிருக்கு. 360 வோல்ட் வந்தால் இரண்டும் பார்த்துக்கொண்டிருக்கும்.

யாருக்கு எது

மிதி மெஷினில் மோட்டார் மாட்டித் தைப்பவர், எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாதவர்: மெஷினுக்காக எதுவும் வாங்க வேண்டாம். மோட்டாரின் விலையே ஒரு எஸ்.பி.டி. விலைக்கு வராது. தைத்து முடித்ததும் பிளக்கைக் கழற்றுங்கள், அது போதும். அந்தப் பணத்தை 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யில் போடுங்கள்.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் மெஷின், கூடவே டிவி, ஃபிரிட்ஜ், ரூட்டர்: டி.பி. பாக்ஸில் ரிலே முதலில். அடுத்த மாதம் எர்த்தை அளந்து, சரிசெய்து, எஸ்.பி.டி. அப்புறமும் கை தாங்கினால் மெஷினிடத்தில் ஒரு நல்ல ஸ்பைக் பஸ்டர். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் செலவும் ஆகும், போர்டும் போகும்.

நான்கைந்து டைரக்ட் டிரைவ் மெஷின், ஓவர்லாக் வைத்திருக்கும் கடை: மெஷினுக்கு ஒன்றாக வாங்காமல் கடை முழுவதற்கும் ஒரு ரிலே, ஒரு எஸ்.பி.டி. ஒரு கண்ட்ரோல் பாக்ஸ் மாற்றும் செலவுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். அயர்ன் டேபிளுக்குத் தனி லைன் இழுங்கள்.

எர்த் இல்லாத வாடகை வீடு: செருகும் வகை கட்-ஆஃப், அவ்வளவுதான். எஸ்.பி.டி. வேண்டாம்.

பிளக்கைக் கழற்றுவது எல்லாருக்கும் பொது, அதற்கு ஈடான கருவி இல்லை. சுவிட்சை அணைப்பது போதாது. சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் பிரிக்கும், நியூட்ரலும் எர்த்தும் மெஷினோடு இணைந்தே இருக்கும். கோடை இடிக்கும், ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் தூரத்தில் உறுமல் கேட்கும்போதே கழற்றுங்கள். தலைக்கு மேல் வெட்டத் தொடங்கியபின் பிளக் பக்கம் போக வேண்டாம். டி.டி.எச். கேபிளையும் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றுங்கள். மொட்டை மாடிக் குடையிலிருந்து வரும் துள்ளல் அதன் வழியாக டிவிக்குள் போகும், டி.பி. பாக்ஸில் என்ன மாட்டியிருந்தாலும் அதற்குத் தெரியாது.

அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின்

உறவுக்காரர் கொண்டுவரும் மெஷினில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். ஆட்டோ டிரான்ஸ்பார்மர் வகை வேண்டாம். அதன் பொது முனை உள்ளே விட்டுப்போனால் 230 முழுசாக மெஷினுக்குப் போகும். இரண்டு தனிக் காயில் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். டிரான்ஸ்பார்மர் விகிதப்படிதான் குறைக்கும்: இங்கே 360 வந்தால் அங்கே 188. ஆகவே ரிலே இதற்கும் வேண்டும். மெஷினோடு வந்த அமெரிக்க ஸ்பைக் பெட்டியை நம் சாக்கெட்டில் செருகவே கூடாது. அதன் வில்லை 130, 150 வோல்ட்டுக்கானது. செருகிய கணமே வெடிக்கும்.

போர்டு போனபின்

லைட்டுகள் திடீரெனப் பளிச்சென்று எரிந்தால் முதலில் மெயினை இறக்குங்கள், காரணத்தை அப்புறம் தேடலாம். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. "கம்பத்தில் நியூட்ரல் போயிருக்கு, 350 வோல்ட் வருது" என்று அளவோடு சொன்னால் "கரண்ட் இல்லை" என்பதைவிடச் சீக்கிரம் புரியும். மீட்டரில் அளவு தெரியும்போதே ஒரு படம் எடுத்து வையுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சொல்லுங்கள், அவர்களும் மெயினை இறக்கட்டும்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது "ஹை வோல்டேஜில் போனது" என்று சொல்லிவிடுங்கள். நல்ல போர்டுகளில் நுழைவாயிலிலேயே ஒரு ஃப்யூஸும் ஒரு எம்.ஓ.வி.யும் இருக்கும். பல நேரம் அவை இரண்டும் கருகி, பின்னால் உள்ளதைக் காப்பாற்றியிருக்கும். இரண்டையும் அதே அளவில் மாற்றினால் மெஷின் ஓடும். கருகிய வில்லையை வெட்டி எடுத்துவிட்டு, ஃப்யூஸ் இடத்தில் ஒரு ஒயர் இழையை வைத்துக் கொடுத்தாலும் மெஷின் ஓடத்தான் செய்யும். ஆனால் அடுத்த முறை போர்டு மிஞ்சாது. மாற்றிய வில்லையின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து, பழையதில் இருந்ததுதானா என்று கேட்டு வாங்கி வாருங்கள்.